அம்மாவின் மூணு வட்டியும் என் ஜி.ஆர்.இ கணக்கும்

‘தக்காளி விலை 50 சதவிகிதம் சரிவு... இல்லத்தரசிகள் நிம்மதி!’

இந்தத் தலைப்பை வைத்தது நான்தான். முந்தைய வாரம் கிலோ 40 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்கு ஏறியபோது ‘50 சதவிகிதம் உயர்வு’ என்று எழுதியிருந்தேன். அது சரி. மறுபடி 40-க்கு இறங்கியதும், ஏறிய அதே 20 ரூபாய்தானே இறங்கியிருக்கிறது என்று பழைய தலைப்பில் ‘உயர்வு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘சரிவு’ என்று போட்டு பப்ளிஷ் பட்டனைத் தட்டிவிட்டேன்.

முதல் கமென்ட் இப்படி வந்தது: “60 ரூபாய்ல 50 சதவிகிதம் போனா 30 ரூபாய்க்கு வரணுமே. எந்தக் கடைன்னு சொல்லுங்க தங்கச்சி, பையோட வர்றேன்.”

பதினோரு நிமிடத்தில் திருத்திவிட்டோம். ஆனால், ஸ்க்ரீன்ஷாட்டுக்கு ஒரு நிமிடம் போதும். அன்று மாலை சீனியர் அண்ணன் திட்டவில்லை. “60-லதான் 20 குறைஞ்சிருக்கு. அப்போ மூணுல ஒரு பங்கு, 33 சதவிகிதம்” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு இது நான்காவது வருடம். வரி, வாக்கு, மழை அளவு, தேர்ச்சி விகிதம் என்று தினமும் எண்களோடுதான் பிழைப்பு. ஆனால், ‘இந்த டேட்டாவை யார் எடுத்துப் பார்க்குறீங்க?’ என்று மீட்டிங்கில் கேட்டால் மேஜைக்கு அடியில் செருப்பைத் தேடுகிறவள் நான். பத்தாம் வகுப்புக் கணக்கில் 41 மார்க். பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப், கல்லூரியில் பி.ஏ., பிறகு ஜர்னலிசம் டிப்ளோமா என்று கணக்கைப் பார்த்த இடத்திலெல்லாம் சந்து மாறிப் போய்க்கொண்டே இருந்தேன். தக்காளி சம்பவத்தோடு சந்துகள் தீர்ந்துவிட்டன.

அந்த வாரமே ஜி.ஆர்.இ தேர்வைப் பற்றித் தேடினேன். டேட்டாவையும் பொதுக்கொள்கையையும் சேர்த்துப் படிக்கும் மேற்படிப்பின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். கோவிட்டுக்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டன. நான் பார்த்துவைத்த படிப்பு இன்னும் கேட்கிறது. அதோடு, அங்கே பல இடங்களில் 16 வருடப் படிப்பு வேண்டும் என்பார்கள். பள்ளி 12, பி.ஏ. மூன்று, டிப்ளோமா ஒன்று. சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கூட்டலை ஏற்கும், சில ஏற்காது. ஏற்கும் இடத்தில், என் பதினாறாவது வருடம் அந்த டிப்ளோமாதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தேர்வு 2023 செப்டம்பரிலிருந்து சுருங்கிவிட்டது. மொத்தமே 1 மணி 58 நிமிடம். அதில் கணக்கு இரண்டு பகுதி. முதலில் 21 நிமிடத்தில் 12 கேள்விகள், அடுத்தது 26 நிமிடத்தில் 15 கேள்விகள். முதல் பகுதியில் நாம் எப்படிச் செய்கிறோமோ, அதைப் பொறுத்து இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். திரையிலேயே ஒரு கால்குலேட்டர் உண்டு. பாடத்தில் திரிகோணமிதி இல்லை, நுண்கணிதம் இல்லை. எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான் என்று படித்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. நான் தோற்றதே பள்ளிக்கூடக் கணக்கில்தானே!

தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ் நிறுவனமே ‘பவர்பிரெப்’ என்று இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அதில் ஒன்றை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து விடுதி அறையில் எழுதினேன். 130-இல் ஆரம்பித்து 170 வரை போகும் அளவில் எனக்கு 146.

தப்பான கேள்விகளை மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பாதிக் கேள்விகளில் நான் தடுக்கி விழுந்தது கணக்கில் இல்லை, ஆங்கிலச் சொல்லில். நான் தமிழ்வழியில் படித்தவள். ‘பிரைம்’ என்றால் திகைத்து நின்றவளுக்கு, அது பகா எண் என்று தெரிந்ததும் 2, 3, 5, 7, 11 என்று வாய் தானாகச் சொல்லியது. ‘மீடியன்’ என்பது நம் இடைநிலை அளவு. ‘மோட்’ முகடு. ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ திட்டவிலக்கம். ‘டேன்ஜென்ட்’ தொடுகோடு, ‘கார்ட்’ நாண். மீ.பொ.வ-வும் மீ.பொ.ம-வும்கூட ஆங்கில எழுத்துகளில் வேஷம் கட்டிக்கொண்டு நின்றன.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். ‘முகடு’ என்று எழுதும்போது பத்தாம் வகுப்பு கரும்பலகையே கண்முன் வந்தது. 41 மார்க் வாங்கியவளின் மண்டைக்குள் இத்தனை சொற்கள் பத்திரமாக இருந்திருக்கின்றன என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஜி.ஆர்.இ-யில் எனக்குப் பிடித்ததும் என்னை அதிகம் கவிழ்த்ததும் ஒரே வகைக் கேள்விதான். இரண்டு அளவுகளைக் கொடுப்பார்கள், ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும். ‘ஏ’ பெரிதா, ‘பி’ பெரிதா, இரண்டும் சமமா, அல்லது கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாதா? நான்கே விடைகள், எல்லாக் கேள்விக்கும் அதே நான்கு. நான்காவதின் பெயர் ‘டி’.

உதாரணமாக, ஒரு எண்ணின் வர்க்கம் ‘ஏ’. அந்த எண் ‘பி’. எது பெரிது? எனக்கு மூன்று நொடி போதுமாக இருந்தது. 5-இன் வர்க்கம் 25. ஆகவே ‘ஏ’ பெரிது. தப்பு. அந்த எண் 1 ஆக இருந்தால் இரண்டும் சமம். அரை என்றால் வர்க்கம் கால், அப்போது ‘பி’ பெரிது. கேள்வியில் ‘எண்’ என்றுதான் இருந்ததே தவிர, ‘முழு எண்’ என்று இல்லை, ‘மிகை எண்’ என்றும் இல்லை. விடை ‘டி’.

இப்படி வரிசையாக ஒன்பது கேள்விகளில் ‘டி’யைத் தவறவிட்டேன். செங்கோண முக்கோணம் போலவே ஒரு படம் இருக்கும். ஆனால், 90 என்று எங்கேயும் குறித்திருக்காது. படங்கள் அளவுக்கு வரையப்பட்டவை என்று நம்பக் கூடாது என்று தேர்வின் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் கண்ணை நம்பினேன். வேலையில் ஒரு வைரல் வீடியோ வந்தால் ‘எந்த ஊர், எப்போது எடுத்தது, யார் எடுத்தது’ என்று நாலு பேரிடம் கேட்காமல் போடக் கூடாது என்று ட்ரெய்னிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், இங்கே ஒரு கோட்டோவியத்தைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். குழப்பமாக இருந்தாலே ‘டி’. அதுவும் தப்பு. இரண்டு பக்கமும் வெறும் எண்களாக இருந்தால், எவ்வளவு கோரமான எண்களாக இருந்தாலும், ஒன்று பெரிதாகவோ சமமாகவோ இருந்தே தீரும். அங்கே ‘டி’ வரவே வராது. ‘சொல்ல முடியாது’ என்பதற்கும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கும் நடுவே இருக்கும் இந்தக் கோட்டைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நோட்டில் இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன்: ‘டி’ போடும் முன் பூஜ்ஜியம், ஒன்று, குறை எண், பின்னம், பெரிய எண் என எல்லாவற்றையும் வைத்துப் பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நோட்டும் கூடவே வந்தது. எங்கள் ஊர் திண்டுக்கல். வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே தூரம் திரும்பும்போது 40. சராசரி வேகம்? 50 என்று எழுதப்போய், தக்காளி ஞாபகம் வந்து நிறுத்தினேன். 120 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். சராசரி 48. எதிர்சீட்டு பாட்டி, “பரிச்சையா ஆத்தா?” என்று கேட்டு ஒரு ஆரஞ்சுப்பழத்தை நீட்டினார்.

அப்பா, நான் பிளஸ் டூ படிக்கும்போது போய்விட்டார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். மாட்டுப்பொங்கலன்று இரவு அம்மா ஹூக் வைத்துக்கொண்டிருக்க, நான் தரையில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். “என்னதான் எழுதுற, சத்தமா வாசி. எனக்கும் பொழுது போகும்” என்றார். தமிழில் மாற்றி வாசித்தேன். “ஒருவர் 10,000 ரூபாயை வருடத்துக்கு 9 சதவிகிதத் தனிவட்டிக்குக் கடன் வாங்குகிறார். 8 மாதத்துக்கு வட்டி எவ்வளவு?”

நான் ரேனால்ட்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் அம்மா, “அறுநூறு” என்றார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எப்படிம்மா?”

“வருஷத்துக்கு ஒம்போதுன்னா எழுபத்தஞ்சு பைசா வட்டி. பத்தாயிரத்துக்கு மாசம் எழுபத்தஞ்சு ரூவா. எட்டு மாசத்துக்கு அறுநூறு. இது என்ன பேங்க் நகைக்கடனா? வெளியில யாரு எழுபத்தஞ்சு பைசாவுக்குத் தர்றா?”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. மனதுக்குள் ஒத்திப் பார்த்தேன். எழுபத்தைந்து பைசா என்றால் நூற்றுக்கு மாதம் 75 பைசா, பன்னிரண்டால் பெருக்கினால் 9 சதவிகிதம். அப்படியானால் ஒரு வட்டி என்பது 12. ரெண்டு வட்டி 24. மூணு வட்டி...

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ‘மூணு வட்டி’ என்ற சொல் எங்கள் வீட்டில் நான் கேட்ட சொல். 2021 ஜூனில் என் டிப்ளோமாவுக்கும் சென்னை விடுதிக்கும் சேர்த்து அம்மா பக்கத்துத் தெரு அக்கா ஒருவரிடம் 70,000 ரூபாய் வாங்கினார். “மூணு வட்டிதான், தெரிஞ்ச பொண்ணுங்கிறதால குடுத்தா” என்று அப்போது சொன்னார். மூன்று சதவிகிதம்தானே, பேங்க்கைவிடக் குறைவு என்று நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கந்துவட்டிச் செய்திகள் வரும்போதெல்லாம், அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய பத்தியைப் பழைய செய்தியிலிருந்து எடுத்து ஒட்டுகிறவள் நான். நம் வீட்டு மூணு வட்டி வருடத்துக்கு 36 சதவிகிதம் என்பது இருபத்தாறு வயதில் ஜி.ஆர்.இ கணக்கில்தான் எனக்கு உறைத்தது.

“அம்மா, அந்தக் கடன் முடிஞ்சிருச்சுல்ல?”

ஹூக் வைக்கும் கை நிற்கவில்லை. “வட்டி கட்டிட்டுதான் இருக்கேன். அசல் அப்படியே இருக்கு.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை கேட்டிருந்தேன். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றார். அதை ‘முடிந்துவிட்டது’ என்று நானாக எடுத்துக்கொண்டேன். அமைச்சர் ஒருவர் அப்படிப் பதில் சொன்னால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன்.

அன்றிரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்ட கணக்கு இது. 70,000-க்கு மூணு வட்டி, மாதம் 2,100. 2021 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 42 மாதங்கள். 88,200 ரூபாய். வாங்கியதைவிட 18,200 அதிகம் கட்டியாகிவிட்டது, 70,000 இன்னும் அப்படியே நிற்கிறது. நான் வீட்டுக்கு மாதம் 6,000 அனுப்புகிறேன். அதில் 2,100 என்பது 35 சதவிகிதம். ஜி.ஆர்.இ கட்டணம் இருபதாயிரத்துக்கு மேல். அதாவது, பத்து மாத வட்டி.

மறுநாள் காலை, என் நோட்டோடு அம்மாவிடம் போனேன். எனக்கு இரண்டு பவுனில் ஒரு சங்கிலி இருக்கிறது, கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்தது. அதை பேங்க்கில் வைத்தால் எழுபத்தைந்து பைசா வட்டிக்குக் கடன் கிடைக்கும். 70,000-க்கு மாதம் 525 ரூபாய். மிச்சம் 1,575. காகிதத்தில் ஒரு பக்கம் ‘ஏ’, மறுபக்கம் ‘பி’ என்று கட்டம்கூடப் போட்டிருந்தேன். வகுப்பு எடுப்பதுபோல விளக்கினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அம்மா முழுதாகக் கேட்டார். “இது எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? முப்பத்தாறுன்னு வாங்கும்போதே தெரியும்” என்றார். “அட்மிஷனுக்குக் கடைசி நாள் உனக்கு. பேங்க்குல நிக்க நேரம் இருந்துச்சா? அவதான் ஒரு மணி நேரத்துல கொண்டுவந்து குடுத்தா. அப்புறம் சங்கிலிய வெச்சா, பொண்ணு பாக்க திடீர்னு யாராவது வந்தா கழுத்துல என்ன போடுவ?”

“அதுக்காக மாசம் ரெண்டாயிரத்து நூறா?”

“அவ வீட்டு ஜாக்கெட் பூரா எங்கிட்டதான் வருது. அவ, ரெண்டு மருமக, சொந்தக்காரங்க. அதை உன் நோட்டுல எழுதிக்கிட்டியா?”

எழுதவில்லை. பூஜ்ஜியம், ஒன்று, குறை எண், பின்னம் என எல்லாம் வைத்துப் பார்க்கும் பட்டியலில் அது இல்லை.

ஆனாலும் நான் விடவில்லை. இரண்டு நாள் வாக்குவாதம், ஒருவேளை சாப்பாட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அசலை ஒரே தவணையில், தாம்பூலத்தட்டோடு, நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். லீவை ஒருநாள் நீட்டித்தேன். பேங்க்கில் மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்தபோது அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் போய்ப் பணத்தைக் கொடுத்தோம். அந்த அக்கா எண்ணி வாங்கிக்கொண்டு, “ஏன்க்கா, நான் எதுவும் நெருக்கினேனா?” என்று கேட்டார். உண்மையில் நெருக்கியதே இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து ஜாக்கெட் வருவது நின்றுவிட்டது. சண்டையெல்லாம் இல்லை, தெருவில் பார்த்தால் பேச்சு உண்டு, துணி மட்டும் வரவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வரை அதில் வந்துகொண்டிருந்ததாம். என் 1,575-இல் அதைக் கழித்தால் கையில் நிற்பது 575. இதை அம்மா எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பேங்க் கடனில் மாதம் 5,000 அசலும் அடைகிறது என்பதால் நான் செய்தது சரிதான் என்று பெரும்பாலான நாள்களில் தோன்றும். சில நாள் ‘டி’.

(இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “அவ பேரப் போட்றாத. அப்புறம் எம்புட்டு வட்டின்னு சரியா எழுது” என்றார்.)

ஜி.ஆர்.இ தேதி இன்னும் பதிவு செய்யவில்லை. சங்கிலி திரும்பி வந்த பிறகுதான் கட்டணம் என்று எனக்கு நானே ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஆனால், கணக்கை விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து தினமும் பத்துக் கேள்விகள். இரண்டாவது மாதிரித் தேர்வில் 155 வந்தது. ஆபீஸில், உள்ளாட்சி பட்ஜெட் ஒன்றைப் பிரித்துப் பார்க்க ஆள் கேட்டபோது கையைத் தூக்கினேன். சீனியர் அண்ணன் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, “தக்காளியா?” என்றார். “தக்காளிதான்” என்றேன்.

போன வாரம் ஒரு தனிவட்டிக் கேள்வியில் தப்பு செய்துவிட்டேன். 5 சதவிகிதம், 2 வருடம் என்று கொடுத்திருந்தார்கள். நான் 5-ஐ 24 மாதத்தால் பெருக்கி, அசலைவிட வட்டி அதிகமாக வரும் ஒரு விடையை நிதானமாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். போனில் அம்மாவிடம் சொன்னேன். மிஷின் ஓடும் சத்தம் நின்றது.

“அஞ்சு வட்டிக்கு அது சரிதானே பாப்பா! எதுக்குத் தப்புன்னு போட்டாங்க?”